துப்பாக்கி தோற்ற ஏரி

ராஜஸ்தானத்தின் கிழக்கு எல்லையில், ஆக்ராவுக்கு அடுத்தாற்போல் பரத்பூர் என்றோர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் ஏரிக்காட்டுக்குள், கேவலாதேவ் என்னும் சிவன் கோயிலுக்கு அருகே, கல்வெட்டுகள் நிற்கின்றன. மன்னர்கள் பொறித்து வைத்த கல் என்றதும், குளம் வெட்டியது, சத்திரம் கட்டியது, ஏழைக்குச் சோறிட்டது ஆகிய சேதிகள் அதில் இருக்கும் என்று நாம் எண்ணுவோம். அப்படி எதுவும் அங்கே கிடையாது. எந்தத் தேதியில் எந்தத் துரை வந்தார், எத்தனை பறவைகள் சுடப்பட்டன என்ற கணக்குத்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கில் ஒரு வரி: 1938-ம் ஆண்டு நவம்பர் 12-ம் நாள். வைசிராய் லின்லித்கோ பிரபு தம் பரிவாரத்தோடு வந்தார். பரத்பூர் மகாராஜா விருந்து வைத்தார். அந்த ஒரே நாளில் சுட்டு வீழ்த்தப்பட்ட பறவைகள் 4,273.

பசிக்காகச் சுட்டார்களா? இல்லை. பயிரைக் காக்கச் சுட்டார்களா? அதுவும் இல்லை. பறவை வந்தது, துப்பாக்கி இருந்தது, சுட்டார்கள். சுட்டதைக் கல்லிலே வெட்டிப் பெருமையும் பட்டுக் கொண்டார்கள். குடிமக்களின் வரியில் கொழுத்த மன்னர்களும், அவர்களைக் குடை போல் காத்து நின்ற வெள்ளை ஏகாதிபத்தியமும் பொழுதைப் போக்கிய விதம் அது.

அதே நவம்பர் 12-ம் நாளில்தான், பம்பாயைச் சேர்ந்த ஒரு மனிதருக்கு 42 வயது நிறைந்தது. பிற்காலத்தில் அந்தப் பரத்பூர் ஏரியைத் துப்பாக்கியிடமிருந்து மீட்பதில் முன் நின்றவர் அவர். பெயர் சலீம் அலி. வைசிராயின் பெயர் இன்று அந்தக் கல்லில் வெறும் எழுத்தாக நிற்கிறது. சலீம் அலியின் பெயரையோ பறவை நோக்கும் பள்ளிப்பிள்ளை ஒவ்வொருவனும் அறிவான். இது எப்படி நேர்ந்தது என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும்.

துரைமார் சங்கத்திலே ஒரு சிறுவன்

சலீம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ம் நாள், இன்று மும்பை என்று வழங்கும் பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயதிலே தந்தையை இழந்தார். மூன்று வயதிலே தாயையும் இழந்தார். பிள்ளையில்லாத தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அவருடைய மனைவியும் அந்த அனாதைப் பிள்ளைகளை வளர்த்தார்கள். பம்பாயின் கேத்வாடிப் பகுதியில் நடுத்தர வாழ்க்கை. கஷ்டமில்லை, ஆனால் தாயில்லாத பிள்ளைக்கு உள்ள குறை இருக்கத்தானே செய்யும்!

மாமன் வேட்டைப் பிரியர். பையனுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு நாள் அவன் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால், தொண்டையில் மஞ்சள் தீற்றல். வீட்டுக் கூரையில் திரியும் குருவிக்கு அப்படி இல்லையே! உண்ணத் தகுந்த குருவிதானா என்ற ஐயத்தோடு மாமனிடம் கொண்டு போனான். மாமனுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். தெரியாததைத் தெரிந்தது போல் காட்டி, பிள்ளையின் வாயை அடைக்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளராயிருந்த மில்லார்டு துரைக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்.

1883-ல் தோன்றிய அந்தச் சங்கம் பெரும்பாலும் துரைமாரின் சங்கம். குரல் கம்மிய ஓர் இந்தியச் சிறுவன், செத்த குருவியைக் காகிதத்தில் பொதிந்து கொண்டு, அதன் படியேறினான். மில்லார்டு அவனை விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அலமாரிகளைத் திறந்து, பதப்படுத்தி அடுக்கி வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். புத்தகங்கள் கொடுத்தார். தோலுரித்துப் பதப்படுத்தும் கலையைக் கற்கவும் வழி செய்தார்.

ஒரு கேள்விக்கு ஒருவர் பொறுமையாகப் பதில் சொன்னதால் ஒரு நாட்டின் பறவையியல் பிறந்தது என்றால், அது மிகையாகாது. நம் மன்றங்களிலும் படிப்பகங்களிலும் சிறுவர்கள் வந்து ஏதேனும் கேட்கிறார்கள். அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பது நல்லது.

பட்டம் எங்கே என்று கேட்டார்கள்

படிப்பில் அவர் சூரர் அல்லர். மெட்ரிகுலேஷன் தேர்விலே தட்டுத் தடுமாறித் தேறினார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, 1914-ல் பர்மாவின் தவோய்ப் பகுதிக்குப் போனார். குடும்பத்தாருக்கு அங்கே டங்ஸ்டன் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. காட்டுக்குப் போனவர் கணக்கைப் பார்த்ததைவிடப் பறவையைப் பார்த்ததே அதிகம். வியாபாரம் நொடித்தது. 1918-ல் தெஹ்மினா என்ற பெண்மணியை மணந்தார். வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைக்கத்தக்க துணைவியாய் அவர் அமைந்தார்.

பம்பாய் திரும்பி, விலங்கியலைக் கொஞ்சம் முறையாகக் கற்றார். ஆனாலும் பல்கலைக்கழகப் பட்டம் என்ற காகிதம் அவர் கையில் இல்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் வேலைக்கு முயன்றபோது, அந்தக் காகிதம் இல்லாத காரணத்தால் வேலை கிடைக்கவில்லை. பறவையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று பார்க்கவில்லை. பட்டம் எங்கே என்று பார்த்தார்கள். நம் நாட்டிலே இந்த நோய் பழைய நோய். உழைப்பவனின் கையில் இருக்கும் அறிவு அறிவாகக் கருதப்படுவதில்லை. முத்திரை குத்திய தாளில் இருந்தால்தான் மதிப்பு!

1926-ல் பம்பாய்ப் பொருட்காட்சிசாலையின் இயற்கைப் பிரிவில், வருவோருக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில், விடுப்பு எடுத்துக் கொண்டு ஜெர்மனி சென்றார். பெர்லின் காட்சிசாலையில் எர்வின் ஸ்ட்ரெசெமான் என்ற பேரறிஞரிடம் பாடம் கேட்டார். பட்டத்தைக் கேட்காமல் ஆர்வத்தைப் பார்த்த ஆசிரியர் அவர். தம் குரு என்று சலீம் அலி கடைசிவரை அவரைத்தான் சொல்லி வந்தார்.

1930-ல் ஊர் திரும்பினால், இருந்த வேலையும் போய்விட்டது. சிக்கனம் என்று சொல்லி அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். மனைவியோடு, வேலையின்றி, வருவாயின்றி, ஐரோப்பாவில் கற்ற கல்வி மட்டும் கையிருப்பாக நின்றார். வேலை போன தொழிலாளியின் நிலை எப்படி என்று நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கிஹிம் கிராமத்துத் தூக்கணாங்குருவி

பம்பாய்க்கு எதிர்க்கரையில், கடலோரத்தில் கிஹிம் என்ற சிற்றூர். அங்கே குடும்பத்தாருக்கு ஒரு சிறு வீடு இருந்தது. நகரத்திலே வாடகை கொடுத்து வாழ வழியில்லாததால், தம்பதிகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வீட்டருகே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக் கொண்டிருந்தன. வேலையில்லாத மனிதர் மறைவிடம் அமைத்து உட்கார்ந்து, மாதக்கணக்கில் அவற்றை உற்று நோக்கினார்.

அவர் கண்டது என்ன? ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டும். பெண் குருவி வந்து, உள்ளே நுழைந்து, பிடித்துப் பார்த்துச் சோதிக்கும். பிடிக்காவிட்டால் போய்விடும். பிடித்தால் தங்கும். அதன் பிறகுதான் ஆண் குருவி கூட்டை முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் குருவி அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கும். அதற்கு வேறொரு பெண் வரும். இப்படி ஒரு பருவத்திலே வரிசையாகப் பல குடும்பம்! நம் பனைமரத்தில் தொங்கும் கூட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்தோம். அதற்குள் நடந்த வாழ்க்கையை முறையாகக் கவனித்து எழுதி வைத்தவர் சலீம் அலி. அந்த ஆராய்ச்சிக் கட்டுரை அறிஞர் உலகில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

வேலையின்மை அவருக்கு வரமாயிற்று என்று சிலர் எழுதுகிறார்கள். நாம் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. வேலையின்மை யாருக்கும் வரமாவதில்லை. அவருக்குத் தங்க ஒரு வீடும், தாங்க ஒரு துணைவியும் இருந்தார்கள். அந்த இரண்டும் இல்லாத எத்தனை சலீம் அலிகள் ஆலை வாசலிலும் கூலிச் சந்தையிலும் கரைந்து போனார்கள் என்பதற்கு எந்தக் கல்வெட்டும் கணக்கு வைக்கவில்லை.

கூடாரம், வண்டி, நோட்டுப் புத்தகம்

பிறகு அவர் ஒரு வழி கண்டார். சுதேச சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்ற கணக்கு அப்போது சரிவர இல்லை. செலவை மட்டும் கொடுங்கள், என் உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்ற ஏற்பாட்டில் அவர் புறப்பட்டார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாகக் கூடாரம் அடித்துத் தங்கிப் பறவைக் கணக்கு எடுத்தார். திருவிதாங்கூர், கொச்சி ஆய்வு நடந்தது 1933-ல். தெஹ்மினா அம்மையாரும் கூடாரத்தில் கூடவே இருந்தார். சமையல் முதல் எழுத்து வேலை வரை அவர் பங்கு பெரிது.

1939-ல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அந்த அம்மையார் மறைந்தார். சலீம் அலி நொறுங்கிப் போனார். மறுமணம் செய்து கொள்ளவில்லை. தங்கையைப் போல் பரிவு காட்டிய தமக்கை வீட்டில் தங்கி, மீதி வாழ்நாளைப் பறவைகளுக்கே கொடுத்தார்.

இந்த ஆய்வுகளில் அவரும் துப்பாக்கி பிடித்தவர்தான். அதை மறைப்பதற்கில்லை. அக்காலத்தில் பறவையைக் கையில் எடுத்து அளந்தால்தான் இனம் பிரிக்க முடியும். ஆனால் அவர் சுட்டது அறிவதற்கு. அறிந்த பின் துப்பாக்கியை வைத்துவிட்டுத் தொலைநோக்கியை எடுத்துக் கொண்டார். மகாராஜாக்கள் சுட்டது கல்லில் பொறிப்பதற்கு. இரண்டுக்கும் வேற்றுமை உண்டு.

1941-ல் அவருடைய இந்தியப் பறவைகள் என்ற நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு, எளிய நடையில், பறவையியல் படிக்காதவனும் பறவையை இனங்காணும்படி எழுதப்பட்ட நூல். அறிவைப் பூட்டி வைக்காமல் பொதுமக்கள் கையில் கொடுத்த வேலை அது. பின்னாளில், 1968 முதல் 1974 வரை, டில்லன் ரிப்ளி என்ற அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து பத்துத் தொகுதிகளில் இந்தியத் துணைக் கண்டத்துப் பறவைகள் அனைத்தையும் பற்றிய பெருநூலைத் தந்தார். பத்தாவது தொகுதி வரும்போது அவருக்கு வயது எழுபத்தேழு!

வெள்ளைக் கர்னலின் நாட்குறிப்பு

1937-ல் ஆப்கானிஸ்தானத்துக்குப் பறவை ஆராயச் சென்றபோது, ரிச்சர்டு மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேயக் கர்னல் உடன் வந்தார். பகலெல்லாம் கூட இருந்து, ஒரே கூடாரத்தின் சோற்றை உண்ட அந்தக் கர்னல், இரவில் தம் நாட்குறிப்பில் சலீம் அலியை இகழ்ந்து எழுதி வைத்தார். பறவை சேகரிப்பதைத் தவிர எதற்கும் உதவாதவர் என்பதும், இந்தியர் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர் என்பதும் அந்த எழுத்தின் சாரம்.

பிற்காலத்தில் அந்த எழுத்து சலீம் அலியின் கண்ணில் பட்டது. அவர் ஆத்திரப்படவில்லை. 1985-ல் வெளிவந்த தம் சுயசரிதையிலேயே அதை எடுத்துப் போட்டு, சிரித்துவிட்டுப் போனார். காலமும் ஒரு தீர்ப்புச் சொன்னது. பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கர்னலின் பறவைச் சேகரிப்பைச் சோதித்தபோது, காட்சிசாலைகளிலிருந்து திருடிய பறவைகளும், பொய்யாக எழுதி ஒட்டிய சீட்டுகளும் வெளிப்பட்டன. தகுதியற்றவர் என்று இகழப்பட்டவரோ, 1967-ல் பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கத்தின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். பிரிட்டிஷார் அல்லாதார் ஒருவருக்கு அது தரப்பட்டது அதுவே முதல் முறை.

இனி ஏரிக்கு வருவோம்

பரத்பூர் ஏரி இயற்கையாய் அமைந்த ஒரு பள்ளம். 18-ம் நூற்றாண்டில் சூரஜ்மல் என்ற ஜாட் மன்னர் காலத்தில் அஜான் என்ற அணை எழுப்பப்பட்டது. கம்பீர், பாணகங்கை ஆறுகளின் வெள்ளம் அதன் வழியே பள்ளத்துக்கு வந்தது. பிற்கால மன்னர்கள் கரையும் மதகும் அமைத்து, அதை வாத்து வேட்டைக்கென்றே வளர்த்தார்கள். சுற்றிலும் கருவேலமரங்கள். மொத்தப் பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர்.

மழை நின்றதும், மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் அந்தக் கருவேலமரங்களில் ஒரு மரத்துக்கு எத்தனையோ கூடாகக் குடியிருக்கும். குளிர்காலம் வந்தால் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகளும், ஊசிவால் வாத்துகளும், கிளுவைகளும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். இதுவரை அங்கே கண்டு குறிக்கப்பட்ட பறவையினங்கள் 350-க்கு மேல்.

நாடு விடுதலை பெற்றதும் சுற்றுப்புற உழவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். மகாராஜாவின் வேட்டைக்காக எங்கள் தண்ணீரைத் தேக்கி வைத்தீர்களே, இனி அந்தத் தண்ணீரும் நிலமும் எங்களுக்குத்தானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி! மன்னராட்சி ஒழிந்தது என்றால், மன்னரின் வாத்துக்குளம் மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

ஏரியை வற்றடித்து வயலாக்கும் பேச்சு எழுந்தபோது, சலீம் அலி பிரதமர் நேருவிடம் முறையிட்டார். பறவை ஈடுபாடுள்ள நேரு கேட்டுக் கொண்டார். 1956-ல் ஏரி சரணாலயமாயிற்று. ஏரி பிழைத்தது. ஆனால் அதிலே ஒரு வடு ஏறியதையும் சொல்லத்தான் வேண்டும். உழவனுக்கு நிலம் இல்லை என்று சொன்ன சர்க்கார், மகாராஜாவின் வேட்டை உரிமையை மட்டும் 1972 வரை விட்டு வைத்தது. பறவைக்காக உழவன் விட்டுக் கொடுக்க வேண்டும். மன்னர் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை! விடுதலைக்குப் பின் கால் நூற்றாண்டு வரை நீடித்த இந்த அநீதியை அந்த வட்டாரத்து மக்கள் மறக்கவில்லை.

காலில் ஒரு வளையம்

இந்த ஏரியில்தான் சலீம் அலியின் தலைமையில் பெரிய வேலை ஒன்று நடந்தது. பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன? கண்டறிய ஒரே வழி, பறவையை உயிரோடு பிடித்து, காலில் எண் பொறித்த இலேசான உலோக வளையம் மாட்டிப் பறக்க விடுவது. பிடித்தவர் பம்பாய்ச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் அந்த வளையத்தில் இருக்கும்.

இந்த வேலைக்கு உலக சுகாதார நிறுவனம் உதவியதற்கு ஒரு காரணம் உண்டு. 1957-ல் மைசூர் ராஜ்யத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டோரத்து ஏழை மக்களும் காய்ச்சலில் மாண்டார்கள். உண்ணி வழியே பரவும் அந்த நோயின் கிருமி, சைபீரியாவில் இருக்கும் ஒரு நோய்க்கிருமிக்கு உறவாயிருந்தது. பறவைகள் உண்ணியைச் சுமந்து வந்தனவா என்று ஆராய வேண்டியிருந்தது. பறவை பார்ப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

காயம் படாமல் பறவையைப் பிடிப்பது யார்? பீகாரிலிருந்து மிர்ஷிகார்கள் என்ற பரம்பரைப் பறவை பிடிப்போர் வரவழைக்கப்பட்டார்கள். எழுத்தறியாத அந்த மக்களின் கைத்திறனுக்கு முன் எந்தப் பல்கலைக்கழகமும் நிற்க முடியாது. கொல்வதற்குக் கற்ற வித்தை காப்பதற்குப் பயன்பட்டது. பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சோவியத் நாட்டின் ஏரிகளில் அகப்பட்டு, அங்கிருந்து கடிதங்கள் வந்தன. எந்த ராஜதந்திரியின் அனுமதியும் கேளாமல் எல்லை தாண்டும் அந்தப் பறவைகள், இரு நாட்டு அறிஞர்களுக்குள் உறவை உண்டாக்கின.

நம் கோடியக்கரையிலும் அந்தச் சங்கம் ஆண்டுக்கணக்கில் வளையமிடும் பணியைச் செய்தது. 1967-ல் கோடியக்கரை சரணாலயமாயிற்று. கோவையில் 1990-ல் தொடங்கப்பட்ட பறவையியல் ஆய்வு நிலையம் சலீம் அலியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

எருமையும் நாரையும்

இனிச் சொல்லப் போவது கசப்பானது. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், இந்த வாழ்க்கை வரலாறு வெறும் துதியாகிவிடும்.

பரத்பூர் 1981-ல் உலகப் புகழ்பெற்ற நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதையொட்டித் தேசியப் பூங்காவும் ஆயிற்று. பூங்கா என்றால் மேய்ச்சல் கூடாது என்பது சட்டம். சலீம் அலியும் அவரைச் சேர்ந்த அறிஞர்களும் கால்நடைகள் ஏரிக்குக் கேடு என்ற கருத்தையே அப்போது கொண்டிருந்தார்கள். 1982 நவம்பரில், தலைமுறை தலைமுறையாக ஏரியில் எருமை மேய்த்து வந்த கிராமத்தாருக்கு வழி அடைக்கப்பட்டது. மாற்று மேய்ச்சல் நிலம் இல்லை. கலந்து பேசவும் இல்லை. மக்கள் திரண்டார்கள். போலீசார் சுட்டார்கள். கிராமத்தார் பலர் உயிரிழந்தனர்.

பறவைகளைச் சுட்ட ஏரிக்கரையில் மனிதர்கள் சுடப்பட்டார்கள். பறவையைக் காக்கவென்று!

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் படிக்க வேண்டிய பாடம். 1980 முதல் பத்தாண்டுகள் பம்பாய்ச் சங்கம் அந்த ஏரியில் விரிவான ஆராய்ச்சி நடத்தியது. அந்த ஆராய்ச்சி கண்ட உண்மை என்ன? எருமைகள் போன பிறகு, அவை தின்று வந்த ஒரு வகைப் புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடிவிட்டது. திறந்த நீர் குறைந்தது; மீன் குறைந்தது; அதை நம்பிய பறவைகளும் குறைந்தன. எருமை ஏரிக்குப் பகையன்று, தோழன்! தலைப்பாகை கட்டிய மாட்டுக்காரனுக்குத் தெரிந்திருந்த செய்தியை, உயிர்ப்பலி கொடுத்த பின் விஞ்ஞானம் கண்டு பிடித்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாங்கள் முன்பு கொண்டிருந்த கருத்துக்கு எதிராக முடிவு வந்தபோது, அந்த ஆராய்ச்சியாளர்கள் அதை மூடி மறைக்கவில்லை. எருமை வேண்டும் என்றே எழுதினார்கள். கிராமத்தார் உள்ளே சென்று புல் அறுத்துக் கொள்ள வழி பிறந்தது. கண்ணால் கண்டதை, தமக்குப் பாதகமானாலும், எழுதி வைக்க வேண்டும் என்பதே சலீம் அலி அந்தச் சங்கத்துக்கு ஊட்டியிருந்த பழக்கம். அந்தப் பத்தாண்டு ஆராய்ச்சி முடிவதற்கு முன்பே, 1987-ல், தொண்ணூறு வயதில் அவர் மறைந்தார்.

பெற்றதும் கொடுத்ததும்

1958-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண், 1985-ல் ராஜ்ய சபையில் நியமன உறுப்பினர் பதவி என்று பட்டங்கள் பல வந்தன. பட்டமில்லை என்று வேலை மறுக்கப்பட்டவரைத் தேடிப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டத்தோடு வந்தன. கெட்டி பரிசாக வந்த 50,000 டாலரை அவர் தமக்கென்று வைத்துக் கொள்ளவில்லை. இயற்கையைக் காக்கும் பணிக்காகச் சங்கத்திடமே கொடுத்துவிட்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் மின் அணைக்காகக் காடு அழிய இருந்தபோது, தள்ளாத வயதிலும் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாயிற்று.

பரத்பூரின் கதை அவரோடு முடியவில்லை. 1960-களின் நடுவில் சுமார் 200 சைபீரியக் கொக்குகள் அங்கே குளிர்காலம் கழித்தன. ஆண்டுதோறும் எண்ணிக்கை தேய்ந்தது. வரும் வழியெல்லாம் வேட்டை, தங்குமிடமெல்லாம் அழிவு. 2001-02 குளிர்காலத்தில் ஒரு ஜோடி வந்தது. அதோடு சரி. மேலே கம்பீர் ஆற்றில் பாஞ்சனா அணை எழுந்ததால், ஏரிக்கு வரும் தண்ணீரும் தடைப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரி வறண்டு கிடந்த ஆண்டுகளும் உண்டு. பிறகு வேறு வழிகளில் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டு வரவேண்டியதாயிற்று. வைசிராயின் துப்பாக்கியால் அழிக்க முடியாத ஏரியைத் தண்ணீர் இன்மை அழித்துவிடக் கூடும்.

நமக்கு என்ன?

வயிறு காய்கிறவனுக்குப் பறவை எதற்கு என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. கேள்வியில் கோபம் இருக்கிறது. கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பதிலும் இருக்கிறது. பறவை எதை நம்பி வருகிறது? தண்ணீரை, மீனை, மரத்தை. அவற்றை நம்பித்தானே உழவனும் வாழ்கிறான்! நாரை வராத ஏரி, நாற்று நடவும் உதவாத ஏரியாகத்தான் முடியும். பறவை ஒரு சாட்சி. ஏரி உயிரோடு இருக்கிறதா என்பதை அது கூலி வாங்காமல் சொல்கிறது.

வேடந்தாங்கல் மக்கள் இதை 18-ம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களின் அனுபவம். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட வந்தபோது கலெக்டரிடம் முறையிட்டுத் தடை உத்தரவு வாங்கியவர்கள் அந்த உழவர்கள். அங்கே பறவையைக் காத்தது அரண்மனையன்று, ஏர் பிடித்த கை! பரத்பூரிலும் உழவனைக் கூட்டிக் கொண்டு காத்திருந்தால், 1982-ன் இரத்தக் கறை படிந்திருக்காது.

இன்றைக்குப் பரத்பூர் பூங்காவிற்குள் ரிக்‌ஷா ஓட்டும் தொழிலாளர்களே பறவை காட்டும் வழிகாட்டிகளாகவும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். ஓட்டிக் கொண்டே வந்து, ஒரு மரத்தடியில் நிறுத்தி, கிளையில் ஒளிந்திருக்கும் ஆந்தையைச் சுட்டிக் காட்டுவார்கள். பெயரும் சொல்வார்கள், அது எங்கிருந்து வந்தது என்பதும் சொல்வார்கள். பட்டமில்லாத சலீம் அலியின் உண்மையான மாணாக்கர்கள் அவர்கள்தாம். பறவை பிழைத்தால் தாமும் பிழைப்போம் என்று அறிந்த உழைப்பாளி நிற்கும் இடத்தில், சட்டத்தைவிடப் பெரிய காவல் இருக்கிறது.

நம் ஊர் ஏரிகளைச் சுற்றி இன்று மனைக்கட்டுக் கல் நடுகிறார்கள். ஆலைக் கழிவைத் திறந்து விடுகிறார்கள். அதை எதிர்த்து நாம் போராடும்போது, அங்கே மாடு மேய்ப்பவனையும், மீன் பிடிப்பவனையும், கோரை அறுப்பவனையும் எதிரியாக நிறுத்தும் எந்தத் திட்டத்துக்கும் நாம் இடம் கொடுக்கக் கூடாது. அவர்களை முன்னால் நிறுத்தித்தான் ஏரியைக் காக்க வேண்டும். அதே சமயம், கண்ணால் பார்த்துக் கணக்கெடுக்கும் அறிவையும் நாம் உதறக் கூடாது. கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிளைத் தோழர்கள் தத்தம் ஊர் ஏரிக்கரையில் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் நிற்கட்டும். எத்தனை வகைப் பறவை, எந்த மாதம் வந்தது, எந்த மாதம் போனது, தண்ணீர் எவ்வளவு என்று எழுதட்டும். ஏரியே இல்லை என்று சாதிக்க வருகிறவனிடம் அந்த நோட்டுப் புத்தகம் பேசும்.